வெளியூர் உச்சரிப்பு பழக இரண்டு இலவசக் குரல் தளங்கள்: எது எதற்கு உதவும்?

1964-ல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் அமெரிக்கரான டிக் வான் டைக், லண்டன் உழைப்பாளிகளின் பேச்சான காக்னி பேசினார். மோசமான உச்சரிப்பு என்று பேச்சு வந்தால் இன்றைக்கும் முதலில் அடிபடும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. 2017-ல் அதற்காக பிரிட்டிஷ்காரர்களிடம் மன்னிப்பே கேட்டார். அந்தந்த ஊர்க்காரர்களின் குரலை வீட்டிலிருந்தே எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கும் வசதி அன்றைக்கு இல்லை. இன்றைக்கு இருக்கிறது, அதுவும் காசில்லாமல். ஆனாலும் பல நடிகர்கள் இன்னொரு நடிகரைப் பார்த்தே உச்சரிப்பு பழகுகிறார்கள். நகலுக்கு நகல் எடுத்தால் என்ன வருமோ அதுதான் திரையில் வருகிறது.

ஆங்கிலத்துக்கு இரண்டு தளங்கள் உண்டு. ஒன்று ஐடியா (IDEA, International Dialects of English Archive). கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பால் மையர் 1998-ல் தொடங்கியது. நாடக உச்சரிப்புப் பயிற்சியாளர் என்பதால் நடிகருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரியும், தளத்தின் அமைப்பிலேயே அது தெரிகிறது. மற்றது ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்க்கைவ். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஸ்டீவன் வைன்பெர்கர் தொடங்கியது. இது ஆராய்ச்சிக்கென்று பிறந்தது, நடிகருக்கு உதவுவது கூடுதல் லாபம்.

ஐடியாவில் பெரும்பாலான பதிவுகளில் இரண்டு பகுதி இருக்கும். முதலில் எழுதிவைத்த ஒரு கதையை வாசிப்பார்கள், பிறகு தங்கள் ஊரையும் வாழ்க்கையையும் பற்றிச் சும்மா பேசுவார்கள். கதையின் பெயர் 'காமா கெட்ஸ் எ க்யூர்'. விலங்கு மருத்துவமனை நர்ஸ் ஒருவரும் சுகமில்லாத ஒரு வாத்தும் வரும் சின்னக் கதை. கதை என்று பார்த்தால் சுமார்தான், கருவி என்று பார்த்தால் அபாரம். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜான் வெல்ஸ் 1982-ல் ஆங்கில உயிரொலிகளை 24 கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிட், ட்ரெஸ், பாத், கூஸ், க்யூர் என்று ஓர் அடையாளச் சொல் கொடுத்தார். அந்தச் சொற்களைக் கோத்துத்தான் இந்தக் கதையே எழுதப்பட்டது. கிளாஸ்கோக்காரரும் நைஜீரியக்காரரும் ஒரே சொல்லை ஒரே இடத்தில் சொல்வதால் ஒப்பிடுவது சுலபம்.

ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்க்கைவில் எல்லோரும் வாசிப்பது 'ப்ளீஸ் கால் ஸ்டெல்லா' என்று தொடங்கும் 69 சொல் பத்தி. சுமார் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். இதன் பலம் வேறு இடத்தில். பேசுபவரின் பிறந்த ஊர், தாய்மொழி, வேறு மொழிகள், வயது, எந்த வயதில் ஆங்கிலம் தொடங்கினார், பள்ளியில் கற்றாரா காதால் கேட்டுக் கற்றாரா, ஆங்கிலம் பேசும் நாட்டில் எத்தனை வருஷம் இருந்தார், எல்லாம் பட்டியலில் இருக்கும். ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி இயக்குநரிடம் நடிகர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். பல பதிவுகளுக்குப் பன்னாட்டு ஒலியெழுத்தில் (ஐபிஏ) எழுத்துவடிவமும் உண்டு.

பத்தியில் ஓட்டைகளும் உண்டு. 'ஜ' ஒலி வரும் சொல் ஒன்றுகூட இல்லை. 'ஹவுஸ்', 'நவ்' போன்ற சொற்களில் இரண்டு உயிர் சேர்ந்து வரும் ஒலியும் இல்லை. கேள்வி வாக்கியம் இல்லவே இல்லை, ஆகவே குரல் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று தெரியாது. இதை மட்டும் வைத்துப் பழகினால் பாதி உச்சரிப்புதான் கிடைக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த 69 சொல்லுக்கு ஈடு இல்லை. 'ஸ்பூன்ஸ்', 'ஸ்நோ', 'ஸ்லாப்ஸ்', 'ஸ்மால்', 'ஸ்நேக்', 'ஸ்கூப்' என்று மெய்யொலிகள் முட்டிமோதும் சொற்கள் வரிசையாக வரும். உத்தரப் பிரதேசத்து இந்திக்காரர் பலர் 'இஸ்பூன்' என்று முன்னால் ஓர் 'இ' போடுவார்கள். ஆங்கிலம் படித்த தமிழரிடம் அந்தப் பழக்கம் குறைவு. நம் உயிரொலி பெரும்பாலும் பின்னால்தான் ஒட்டும்: 'பேக்' என்பது 'பேகு' ஆகும். 'பீஸ்', 'சீஸ்' முடிவில் அதிர வேண்டிய ஒலி நம் வாயில் வெறும் 'ஸ்' ஆகிவிடும். 1968-ல் 'தி பார்ட்டி' படத்தில் பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் இந்தியராக வேஷம் போட்டதிலிருந்து ஹாலிவுட்டில் 'இந்திய உச்சரிப்பு' என்று ஒன்றே ஒன்று சுற்றிவருகிறது. கான்பூரும் கும்பகோணமும் ஒரே மாதிரி பேசாது என்பதற்கு இந்த ஒரு பத்தியே சாட்சி.

பழகும் முறை இப்படி இருந்தால் பலன் கிடைக்கும். கதாபாத்திரத்தின் ஊர், வயது, ஆங்கிலம் கற்ற வயது மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பொருந்தும் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். மூவரிடமும் பொதுவாக இருப்பது ஊர்ப் பேச்சு, ஒருவரிடம் மட்டும் இருப்பது அவருடைய சொந்தப் பழக்கம். ஒரே ஆளைப் பின்பற்றினால் அவருடைய கொன்னலையும் சேர்த்துப் பழகிவிடுவீர்கள். ஐடியாவில் வாசிப்பை விட்டுவிட்டு, சும்மா பேசும் பகுதியை முதலில் கேளுங்கள். வாசிக்கும்போது எல்லோரும் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள், தாளம் பேச்சில்தான் இருக்கிறது. பிறகு 24 கூட்டத்துக்கும் ஒரு அட்டவணை போட்டு, உங்கள் ஒலியிலிருந்து மாறுபவற்றை மட்டும் குறியுங்கள். உங்கள் குரலைப் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அவர்கள் குரலோடு அடுத்தடுத்த ட்ராக்கில் போட்டுக் கேளுங்கள்.

இரண்டு தளத்திலும் இல்லாத ஒன்று உணர்ச்சி. யாரும் கத்தவில்லை, அழவில்லை. படத்தில் உச்சரிப்பு கழன்று விழுவதோ அந்தக் காட்சிகளில்தான். அதனால் வசனத்தைக் கத்தியும் கிசுகிசுத்தும் தனியாகப் பழக வேண்டும். டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள். மெய்யொலியை ஓரளவு மாற்றலாம். க்ளோஸப்பில் 'ஆ' என்று திறந்த வாய்க்கு 'ஓ' ஒட்டாது.

இவை ஆங்கிலத்துக்கு மட்டும் என்பதுதான் தமிழ் நடிகருக்குப் பெரிய குறை. யாழ்ப்பாணத் தமிழ் பேச வேண்டிய சென்னை நடிகருக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. எடுத்துக்கொள்ளக் கூடியது முறையை மட்டும்தான்: தேவையான ஒலிகளெல்லாம் வரும்படி ஒரு சின்னப் பத்தி எழுதி, அந்த ஊர்க்காரர் மூன்று பேரை வாசிக்கவும் பேசவும் விட்டுப் பதிந்துகொள்வது. எந்த ஒலிகள்? நம் படங்களில் 'போறன்', 'கதைக்கிறது', 'ஓம்' என்று சொற்களை மாற்றுவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். காட்டிக்கொடுப்பது சொல்லின் கடைசி. 'மரம்', 'வந்தான்' என்பதைச் சென்னையில் மூக்கால் இழுத்து விட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்தில் உதடு மூடி 'ம்' முழுசாக வரும், 'ன்' முழுசாக வரும். 'கால்' அங்கே 'காலு' ஆகாது. 'இலை' 'எலை' ஆகாது. 'மூன்று' 'மூண்டு' ஆகும், நம்மைப் போல 'மூணு' ஆகாது. ஆங்கில 'ட'வை நாம் நாக்கை மடித்துச் சொல்வோம், அவர்கள் மடிக்காமல் சொல்வார்கள். அதனால்தான் 'டிக்கெட்' அங்கே எழுத்திலும் 'ரிக்கற்'. மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது, தனித்தனியாகப் பதிய வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு வரி வைத்துச் சோதிக்கலாம்: 'மூண்டு பெடியள் உதிலை நிக்கினம், அவையிட்டை ரிக்கற் இருக்கோ எண்டு கேளுங்கோ.' (மூன்று பையன்கள் அங்கே நிற்கிறார்கள், அவர்களிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள்.) 'நிக்கினம்' முடியும்போது உதடு மூடுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மூடவில்லை என்றால் இன்னும் சென்னையில்தான் இருக்கிறீர்கள்.