வளைகுடா ஊழியத்துக்கு கிருஷ்ணகிரியில் பயிற்சி: 1,800 ரூபாய் கட்டலாமா?

சபையில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை, எனக்கு யாரோடும் மனத்தாங்கல் வேண்டாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளுக்கு ஊழியத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கான ஆரம்ப வகுப்பு. நான்கு சனிக்கிழமை, காலை பத்து முதல் நாலு வரை, மதியச் சாப்பாடும் ஒரு ஃபைலும் சேர்த்து 1,800 ரூபாய். நான் மஸ்கட்டில் ஒன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு தருமபுரிக்குத் திரும்பியவன். எனக்குத் தெரியாததை இவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற மிதப்போடுதான் முதல் நாள் ரவுண்டானாவில் பஸ் இறங்கினேன்.

முதல் வகுப்பில் பெரிய உலகப் படத்தை மாட்டி 'பத்து-நாற்பது ஜன்னல்' என்று காட்டினார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையிலிருந்து 40 பாகைக்குள் இருக்கும் தேசங்களில்தான் சுவிசேஷம் கேளாதவர்கள் அதிகம் என்பது கணக்கு. எல்லோரும் அந்த ஜன்னலை ஏதோ கடலுக்கு அப்பால் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிருஷ்ணகிரி இருப்பது 12½ பாகையில், நாமே ஜன்னலுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று பின்வரிசையில் ஒரு தம்பி சொன்னதும் ஹாலே சிரித்துவிட்டது. நடத்தியவர் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை வரலாறு. கொடுத்த காசுக்கு அன்றைக்கே பலன் கிடைத்துவிட்டது என்பேன். தாமஸ் வால்பி பிரெஞ்சு என்ற பிஷப்பைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆக்ராவில் கல்லூரி தொடங்கியவர், ஏழு மொழிப் பாதிரி என்று பேர் வாங்கியவர், லாகூரின் முதல் பிஷப். பதவியை விட்டுவிட்டு 66 வயதில் 1891 பிப்ரவரியில் மஸ்கட்டுக்கு வந்திருக்கிறார், மே மாதம் இறந்துவிட்டார், கல்லறையும் அங்கேதான். ஒன்பது வருஷம் அந்த ஊரில் வெயில் தின்ற எனக்கு இது தெரியவில்லை! சாமுவேல் சுவேமர் என்ற அமெரிக்க மிஷனரியின் கதை இன்னும் கனமானது. 1904 ஜூலையில் பஹ்ரைனில் எட்டு நாட்களுக்குள் இரண்டு பெண் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், அதற்குப் பிறகும் ஊழியத்தை விடவில்லை. அத்தனை வருஷ உழைப்புக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் அவருடைய மிஷன் கட்டிய ஆஸ்பத்திரி பஹ்ரைனில் இன்றைக்கும் நடக்கிறது. ஒரு வருஷத்தில் சபை, இரண்டு வருஷத்தில் அறிக்கை என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வகுப்பையாவது கேட்கவேண்டும்.

இனி குறை. சட்டத்துக்கு இருபதே நிமிஷம். அதிலும் 'முஸ்லிம் நாடு' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். பாகிஸ்தான், வங்காளதேச அரசியலமைப்புகளில் மதத்தைப் பரப்பும் உரிமை எழுத்திலாவது இருக்கிறது. மாலத்தீவில் முஸ்லிம் அல்லாதவர் குடிமகனே ஆகமுடியாது. மொராக்கோவில் ஒரு முஸ்லிமின் விசுவாசத்தை அசைக்க ஆசை காட்டி முயன்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. மலேசியாவில் மாநிலங்களே முஸ்லிம்களிடம் பிரசாரத்தைத் தடுக்கலாம், ஆனால் தமிழ்ச் சபைகள் தாராளமாக நடக்கின்றன. ஓமனில், மஸ்கட்டின் ரூவி பகுதியில் சுல்தான் கொடுத்த நிலத்தில்தான் எங்கள் ஆலயம், வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்றைக்குத்தான் ஆராதனை, வளாகத்துக்குள் பாடலாம், வெளியே பிரசங்கிக்கக் கூடாது. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதை வைத்தே எல்லாம் மாறுகிறது, இதை யாருமே சொல்லவில்லை.

இதைவிட மோசம், ஒருவர் பெருமையாகச் சொன்ன யோசனை: வேலை விசாவில் போங்கள், டூல்ஸ் பையில் சுவிசேஷக் கைப்பிரதி வைத்துக்கொள்ளுங்கள், சர்வீஸ் பண்ணப் போகிற வீட்டில் ஒன்றை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். "ஐயா, மாட்டினால் என்னை ஊருக்கு அனுப்புவான், சரி, அது என் அர்ப்பணிப்பு. என்னோடு ஒரே ரூமில் படுக்கிற ஏழு பேரையும் விசாரிப்பானே, அதில் வட்டிக்கு வாங்கி வந்த அரூர்ப் பையன் என்ன பாவம் செய்தான்? பிரதியை எடுத்துப் படிக்கிற அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். "விசுவாசம் வேணும் பிரதர்" என்று பதில் வந்தது. அரபாப் (அங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வோம்) கொடுத்த சம்பளத்துக்கு ஒழுங்காக ஏசி பார்க்காதவன் சொல்கிற சாட்சியை யார் கேட்பார்கள் என்று கேட்க நினைத்தேன், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

மூன்றாவது வாரம் குவைத்தில் நர்ஸாக இருந்த ஒரு அக்கா ஒன்றரை மணி நேரம் பேசினார். ஸ்லைடு கிடையாது, மைக் கிடையாது. நோன்பு மாதத்தில் பகலில் தண்ணீர் பாட்டிலைக் கூட வெளியே எடுக்காதீர்கள். மர்யம் பேரில் குர்ஆனில் 19ஆம் அத்தியாயமே இருக்கிறது, அதைக்கூட வாசிக்காமல் ஈசா நபியைப் பற்றிப் பேச வாயைத் திறக்காதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள், கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். யாராவது நெருங்கி வந்து விசுவாசத்தைப் பற்றிப் பேசினால் அவர் பேரையோ போட்டோவையோ ஜெபக்குறிப்பு என்று வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். இந்தக் கடைசி விஷயத்தில் அவர் குரல் மாறிவிட்டது, ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அரபி வகுப்பு வீண். புத்தக அரபி சொல்லிக்கொடுத்தார்கள், கடைத்தெருவில் அது நடக்காது, அங்கே முதலில் வேண்டியது இந்தியும் உருதும் கொஞ்சம் மலையாளமும். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். கிருஷ்ணகிரியில் நாலு தெரு தள்ளினால் உருது பேசும் குடும்பங்கள், ஹாலில் இருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் அதில் நலம் விசாரிக்கக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும், அதுவும் மஸ்கட்டில் கற்றது, இங்கே அல்ல.

சாப்பாடு முதல் மூன்று வாரம் எலுமிச்சை சாதம், கடைசி வாரம் மட்டும் பிரியாணி, பரவாயில்லை. ஃபைலில் உள்ள நோட்ஸ் ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தது, பாதி புரியாது. கழிப்பறை ஒன்றே ஒன்று, அக்காமார்கள் பாவம்.

ஐந்துக்கு மூன்று போடுகிறேன், அதில் இரண்டு வரலாற்று வகுப்புக்கும் அந்த நர்ஸ் அக்காவுக்கும். அடுத்த வகுப்பு மாம்பழ சீசன் முடிந்து ஆரம்பிக்கிறார்களாம். போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் போன் பண்ணி இரண்டே இரண்டு கேளுங்கள்: சட்டத்துக்கு எத்தனை மணி நேரம், அந்த அக்கா வருகிறாரா.