இருந்த இடத்திலேயே வீடா, இருபது கிலோமீட்டர் தள்ளி வீடா?

சென்னையில் குடிசைவாசிகளுக்கு அரசு இரண்டு வழிகளில் வீடு கொடுத்திருக்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். மெரினா ஓரத்து நொச்சிக்குப்பம் அப்படி வந்ததுதான். வீடு சின்னது, சுவர் சீக்கிரம் பெயர்ந்தது, இடித்துக் கட்டும்வரை வாடகைக்கு அலைய வேண்டும். ஆனாலும் மீனவருக்குக் கடல் வாசலிலேயே இருந்தது.

2000க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரின் தெற்கு விளிம்பில் பெரிய குடியிருப்புகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே போயின. பெரும்பாக்கத்தில் லிஃப்ட் வைத்த எட்டு மாடி, தனிக் கழிப்பறை எல்லாம் உண்டு. நான்கு வீட்டில் வேலை செய்துவந்த பெண்ணுக்கு அந்த நான்கு வீடும்தான் இல்லை. 2021இல் வந்த மகளிர் இலவசப் பேருந்து காசை மிச்சப்படுத்தியது. போக வர ஆகும் நேரத்தை அல்ல.

யாரும் அதிகம் பேசாதது வாக்குச்சீட்டு. ஆற்றங்கரையில் ஒரு தெருவே சேர்ந்து நின்றால் கவுன்சிலர் ஓடி வருவார். பெரும்பாக்கமோ மாநகராட்சிக்கு வெளியே, கிராம ஊராட்சி. நகரத்தைக் கூட்டித் துடைத்தவர்கள் அந்த நகரத்தின் மேயரைக் கேள்வி கேட்கும் உரிமையை வீட்டுச் சாவி வாங்கிய அன்றே இழந்தார்கள். பல வட்டாரத்து மக்களைக் கலந்து குடியமர்த்தியதில் பழைய தெருச் சங்கங்களும் கலைந்தன.

என்னைக் கேட்டால், இடிந்த சுவரைத் திரும்பக் கட்டலாம். கலைந்த தெருவைக் கட்ட எந்த வாரியத்திடமும் திட்டம் இல்லை.