‘உங்க நாய் எங்ககிட்ட பத்திரமா இருக்கு’ என்று போன் வந்தால் நம்பாதீர்கள்: 14,500 ரூபாயும் மூன்று நாளும் போனது

நேற்றுதான் எங்கள் நாய் கஜாவைப் புதைத்தோம். கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை இன்றைக்கே எழுதியாக வேண்டும். நாய் தொலைந்து தவிக்கிற வீடுகளுக்காகவே ஒரு கூட்டம் காத்துக் கிடக்கிறது. என்னிடமிருந்து 14,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்று நாளையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த மூன்று நாள்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இதில் மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கஜா நாட்டு நாய்தான், செவலை, வால் நுனி மட்டும் வெள்ளை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, கொல்லையில் விழுந்து கிடந்த கீற்றுக் கொட்டகையைத் தூக்கினால் அடியில் ஒரு குட்டி. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தாயைக் காணோம். எங்கள் தென்னை பதினொன்றும் சாய்ந்து கிடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்பா அந்த மரங்களைப் பார்த்தபடி பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். இந்தக் குட்டிக்கு இங்க் ஃபில்லரில் பால் விட ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தார். பேர் வைக்க யாரும் யோசிக்கவில்லை. ஊரே வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்த பேர்தான்.

ஏழு வருஷம். அது என்று எழுத எனக்கு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். அப்பா வயலுக்குப் போனால் வரப்பில் உட்கார்ந்திருப்பான். அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் தெருமுனையில் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து நிற்பான். ராத்திரி நான் தைக்கும்போது மெஷின் பக்கத்தில் வெட்டுத்துணிக் குவியலில் படுத்துத் தூங்குவான். இடி என்றாலும் வெடி என்றாலும் அவனுக்கு ஆகாது. அதனால் தீபாவளிக்குத் தீபாவளி கடையைப் பூட்டி, அவனை உள்ளே வைத்து, தைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் இருந்தால் தூங்கிவிடுவான்.

இந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஏழரை மணி. பிளவுஸ் வாங்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. யாரோ ஒரு பையன் வாசலிலேயே அணுகுண்டு வைத்தான். கஜா என் காலை இடித்துக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான். கழுத்தில் புண் என்று அன்றைக்கு மத்தியானம்தான் பட்டையைக் கழற்றி, வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டுவிட்டிருந்தேன். பட்டையில்லாமல் ஓடினான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அண்ணன் மகனும் தேடினோம். வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகிற மூணாறு தலைப்பு வரைக்கும் போனோம். எல்லாப் பக்கமும் வெடிச் சத்தம், நாங்கள் கூப்பிடுவது எங்களுக்கே கேட்கவில்லை. தீபாவளி காலையில் அண்ணன் மகன்தான் சொன்னான், போனில் படம் போடலாம் அத்தை என்று. தொலைந்த செல்லப் பிராணிகளைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு சமூக வலைத்தளப் பக்கம். பேர் வேண்டாம். நாய், பூனை படங்களும் ‘மீட்கப்பட்டது’ என்கிற செய்திகளுமாக இருக்கும். நிறையப் பேர் பின்தொடர்கிறார்கள். அதில் கஜாவின் படம், இடது காது நுனி கிழிந்திருக்கும் என்ற அடையாளம், எங்கள் ஊர், என் போன் நம்பர் எல்லாவற்றையும் போட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது.

“அக்கா, செவலை நாய்தானே? இடது காதுல ஒரு கிழிசல் இருக்கா? வால் நுனி வெள்ளையா இருக்கா?”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காது விஷயம் நான் எழுதிப் போட்டது. வால் நான் போட்ட படத்திலேயே தெரியும். இப்போது புரிகிறது. அப்போது, என் பிள்ளையைப் பார்த்த ஒருத்தன் பேசுகிறான் என்று மட்டும்தான் மனசில் இருந்தது. கஜா திருச்சியில் இருக்கிறான், அடிபட்டிருக்கிறான், எங்கள் தன்னார்வலர் ஒருவர் தூக்கி வந்தார் என்றான். அவ்வளவு தூரம் எப்படிப் போனான் என்று போன் செய்தவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். இங்கே குறுவை அறுப்பு நேரம், கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். “லாரியில ஏறிட்டானோ தம்பி?” என்று கேட்டேன். “ஆமாக்கா, நெல் லாரிதான், டிரைவர்தான் இறக்கிவிட்டாராம்” என்றான். நான் கேட்டதையே எனக்குத் திருப்பிச் சொன்னான். அதை நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுக்கணும், ட்ரிப்ஸ் ஏத்தணும் என்று 2,500 கேட்டான். அனுப்பினேன். பணம் போகிற இடத்தில் ஒரு பெண் பேர் வந்தது. “டாக்டரோட வீட்டம்மா அக்கவுண்ட்டுக்கா” என்றான். மறுநாள் ஒரு போட்டோ வந்தது. ஸ்டீல் மேஜையில் கஜா படுத்திருக்கிறான், முன்னங்காலில் ட்ரிப்ஸ், பின்னங்காலில் கட்டு. அழுதுகொண்டே அப்பாவிடம் காட்டினேன். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு என்று 4,000 அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை, வண்டி வாடகைக்கும் கூண்டுக்கும் 8,000. ஆக மொத்தம் 14,500 ரூபாய். தீபாவளிக்காக இரண்டு மாதம் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை கண்விழித்துத் தைத்த காசு. அதில் எனக்கு ஒரு புடவைகூட எடுக்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இந்தப் போன் சமாசாரம் பிடிபடவில்லை. “பாப்பா, நான் கோரையாத்துக் கரையை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்” என்று இரண்டாம் நாளும் கேட்டார், மூன்றாம் நாளும் கேட்டார். “அவன் திருச்சியில இருக்கான்ப்பா, டாக்டர் பாத்துக்கிறாங்க, இந்த ஈரத்துல நீங்க எங்கயும் போய் விழுந்து வைக்காதீங்க” என்று நான்தான் தடுத்து உட்கார வைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் வந்துவிடும், நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கம் நில்லுங்கள் என்றான். நானும் அப்பாவும் பழைய போர்வை ஒன்றும் பால் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போய் நின்றோம். அந்தக் கேட் எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வரிசையாக வருகிற வண்டிகளில் வேன் எது, வேன் எது என்று அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். ஏழு மணிக்குப் போன் போட்டால் “தஞ்சாவூர் தாண்டிட்டாங்கக்கா”. எட்டரைக்கு “மழைக்கா, ஓரங்கட்டி நிக்கிறாங்க”. பத்து மணிக்கு “பஞ்சர்”. பதினொன்றுக்கு எடுக்கவில்லை. பால் புளித்துப்போனது.

மறுநாள் காலை இன்னொரு 6,000 கேட்டான், வழியில் போலீஸ் பிடித்துவிட்டார்கள், நாயைக் கொண்டுபோக ஏதோ சான்றிதழ் வேண்டுமாம். அப்போதும் நான் நகையை வைக்கலாமா என்றுதான் யோசித்தேன். அந்த போட்டோவை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் எட்டிப் பார்த்துக் கேட்டான்: “அத்தை, இதுல கழுத்துல சிவப்புப் பட்டை இருக்கே. நம்ம பட்டைதான் கொல்லையில ஆணியில தொங்குதே?”

இரண்டு நாளாக அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன். நான் போட்ட பழைய படத்தை எடுத்து, ஏதோ கணினி வேலை செய்து, கட்டும் ட்ரிப்ஸும் சேர்த்திருக்கிறார்கள். இப்போது அதெல்லாம் போனிலேயே செய்யலாமாம். வீடியோ கால் போட்டுக் காட்டு என்றேன். ஆஸ்பத்திரியில் அனுமதி இல்லை என்றான். பட்டையைப் பற்றிக் கேட்டேன். போனை வைத்தான். அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டான்.

அப்புறம் நடந்தது எல்லாம் தட்டிக்கழிப்பு. அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். ‘நாங்கள் தன்னார்வலர்களை இணைக்கும் தளம் மட்டுமே, பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி பதில். பதிவின் கீழேயே கேட்டேன், அழித்துவிட்டார்கள். அந்தச் சமூக வலைத்தளத்திலேயே புகார் கொடுத்தால், விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில். பேங்க்கில் “நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்கம்மா, நாங்க என்ன பண்றது?”. ஸ்டேஷனில் இருந்தவர் ஒரு சின்னச் சிரிப்போடு “நாய்க்காகவா 14,500?” என்றார். ஆமாம் சார், நாய்க்காகத்தான். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்தபோது மட்டும் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பதிந்து எண் கொடுத்தார். பணம் போனதும் உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம் என்றார். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டேன் நான்.

அன்றைய பொழுது பேங்க், ஸ்டேஷன் என்றே போய்விட்டது. மழை வேறு. மறுநாள், அதாவது நேற்று காலை, சம்பா நடவுக்குப் போகிற அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். ஊசி நூல் வாங்க வந்தவர், அப்பா அழுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னோம். அவர் முகம் மாறியது.

கோரையாற்றுக் கரையில் ஒரு மோட்டார் கொட்டகை. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்காது. ஏதோ வண்டி அடித்துப் பின்னங்கால் இழுத்துக்கொண்டு அங்கே வந்து படுத்திருக்கிறான். “நாலு நாளா கெடந்துச்சும்மா. பட்டையும் இல்ல, யாரு வீட்டு நாயின்னு தெரியல. முந்தாநாள் கஞ்சி ஊத்துனேன், நக்கிக் குடிச்சிட்டு வாலை ஆட்டுச்சு. நேத்திலேருந்து தண்ணிகூட எறங்கல” என்றார்.

முந்தாநாள். நானும் அப்பாவும் பால் பாட்டிலோடு ரயில்வே கேட்டில் நின்ற நாள்.

நாங்கள் போனபோது உடம்பு விறைத்திருந்தது. தலை எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் இருந்தது. அப்பா தன் துண்டில் சுற்றித் தூக்கினார், என்னைத் தொடவிடவில்லை. புயலுக்குப் பிறகு நட்ட தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் அவரே குழி வெட்டினார். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. திட்டினாலாவது தேவலாம்.

கால்நடை டாக்டர் ஒருவரிடம் பிறகு கேட்டேன். வெடிக்கு மிரண்டு ஓடுகிற நாய் பெரும்பாலும் பக்கத்திலேயேதான் எங்காவது பதுங்கும், பயத்தில் நாம் கூப்பிட்டால்கூட வராது, சத்தம் அடங்கிய விடிகாலையில் தேட வேண்டும் என்றார். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முந்தாநாள் கிடைத்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவு போடும்போது ஒரு அடையாளத்தையாவது எழுதாமல் வைத்திருங்கள், கூப்பிடுகிறவனிடம் அதைக் கேளுங்கள். நீங்களாக எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். வீடியோவில் நாயைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அந்த நிமிஷமே 1930. யார் என்ன சொன்னாலும் தேடுவதை நிறுத்தாதீர்கள். போனில் சொல்வதற்கு முன்னால் நடவு ஆட்களிடம், பால்காரரிடம், டீக்கடையில் சொல்லுங்கள்.

இன்று காலை அதே பக்கத்தில் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் தன் நாயைக் காணவில்லை என்று படம் போட்டிருக்கிறார். கறுப்பு நாய், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கீழே யாரோ ‘கவலைப்படாதீங்க, நம்பர் அனுப்புங்க’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் உடனே எச்சரித்து எழுதினேன், இரண்டு நிமிஷத்தில் என்னையே வெளியேற்றிவிட்டார்கள். அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இப்போதே போன் பண்ணிச் சொல்லுங்கள். பணம் அனுப்ப வேண்டாம், வீட்டைச் சுற்றித் தேடச் சொல்லுங்கள்.