பாத்லிப்: விண்டோஸ் செயலியை லினக்ஸுக்கும் மேக்குக்கும் கொண்டுபோக எவ்வளவு உதவும்?

விண்டோஸில் ஓடும் பைத்தான் டெஸ்க்டாப் செயலியை வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், கோப்புப் பாதைகளைச் சரங்களாக (எழுத்துத் தொடர்களாக) ஒட்டும் வரிகளை முதலில், பாதைகளைக் கையாளும் பைத்தான் தொகுதியான பாத்லிப்புக்கு (pathlib) மாற்றிவிடுங்கள். 2014இல் வந்த பைத்தான் 3.4 முதல் அது மொழியோடு சேர்ந்தே வருகிறது. அடைவுக்கும் கோப்புக்கும் நடுவே சாய்கோடு போட்டால் போதும், அந்தந்தக் கணினிக்கு ஏற்ற பிரிப்பானை அதுவே பார்த்துக்கொள்ளும். இதில் குறையே இல்லை.

சிக்கல், சேமித்துவைத்த பாதைகளில் வருகிறது. விண்டோஸில் பாதையைச் சரமாக்கி அமைப்புக் கோப்பில் எழுதினால் பின்சாய்கோடு விழும். லினக்ஸில் அது பெயருக்குள் வரக்கூடிய சாதாரண எழுத்து. எனவே ‘தரவு\படம்’ என்பதை ஒரே கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று பிழை காட்டும். எழுதும்போதே, பாதையை முன்சாய்கோட்டோடு தரும் ஆஸ்_போசிக்ஸ் (as_posix) முறையைக் கூப்பிடுங்கள். முன்சாய்கோட்டை விண்டோஸும் ஏற்கும். ஏற்கெனவே எழுதிய கோப்புகளைப் படிக்க ப்யூர்விண்டோஸ்பாத் (PureWindowsPath) என்ற வகுப்பு இருக்கிறது. லினக்ஸில் ஓடும்போதும் விண்டோஸ் பாதையை அது சரியாகப் பிரித்துத் தரும். இந்த ஒரு வகுப்புக்காகவே பாத்லிப்பைப் பரிந்துரைக்கலாம்.

கோப்பின் பெயரை மாற்றும் ரீநேம் (rename) முறை ஆபத்தானது. புதிய பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் விண்டோஸில் பிழை எழும். லினக்ஸிலும் மேக்கிலும் பழைய கோப்பு சத்தமில்லாமல் போய்விடும். மேலெழுதுவதுதான் நோக்கம் என்றால் ரீப்ளேஸ் (replace) முறை எங்கும் ஒரேபோல் நடக்கும். அமைப்புகளை எந்த அடைவில் வைப்பது என்பதற்கு பாத்லிப்பில் விடை கிடையாது, பிளாட்ஃபார்ம்டிர்ஸ் (platformdirs) தொகுப்பைத் தனியாக நிறுவுங்கள்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளில்தான் பாத்லிப் முழுதாகக் கைவிடுகிறது. யூனிகோடில் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். ஒகர, ஔகாரக் குறிகளும் அப்படியே. மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் (HFS+) இவற்றை உடைத்தே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்த ‘கோப்பு’ திரையில் மாறாமல் தெரிந்தாலும் பைட்டுகள் வேறு. செயலி தேடினால் அகப்படாது. பாத்லிப்பின் இட்டர்டிர் (iterdir) முறையைக் கொண்டு அடைவிலுள்ள பெயர்களை எடுத்து, பைத்தானின் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியிலுள்ள நார்மலைஸால் (normalize) அந்தப் பெயரையும் தேடும் பெயரையும் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றி ஒப்பிடுங்கள். ஆனால் கோப்பைத் திறக்கும்போது மாற்றிய பெயரைக் கொடுக்காதீர்கள், இட்டர்டிர் தந்த பாதையையே கொடுங்கள்.