குதிரையின் இதயம்: ஸ்டெதஸ்கோப்பா, ஈசிஜியா?

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஸ்டெதஸ்கோப்பைத்தான் எடுப்பேன். இடது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, முழங்கைக்குப் பின்னால் நன்றாக உள்ளே தள்ளி வைத்து, அவசரப்படாமல் ஒரு முழு நிமிடமாவது கேளுங்கள், அப்புறம் வலது பக்கமும் கேளுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு சுமார் 28 முதல் 44 துடிப்புதான். துடிப்பு இவ்வளவு மெதுவாக இருப்பதால் ஒரே துடிப்பின் நான்கு ஒலிகள்கூடத் தனித்தனியாகக் காதில் விழலாம், அது நோய் இல்லை.

வால்வு கசிந்தால் வரும் முணுமுணுப்பைக் காது பிடித்துவிடும்; இதயத்தின் மின்தூண்டலை மட்டும் பதியும் ஈசிஜிக்கு அது தெரியாது. இதயம் பெருத்திருக்கிறதா என்பதையும் குதிரையில் ஈசிஜியை நம்பிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதன் இதயத் தசைக்குள் மின்தூண்டல் பரவும் விதமே மனிதருடையதைப் போல இல்லை. அதற்கு இதயத்தை ஒலியலையால் படமாகக் காட்டும் எக்கோ ஸ்கேன்தான் வேண்டும்.

ஆனால் தாளம் தப்பினால் ஈசிஜி இல்லாமல் முடியாது. இடையில் ஒரு துடிப்பு விடுபட்டால் உடனே பயப்பட வேண்டாம், ஆரோக்கியமான குதிரைக்கும் ஓய்வில் இது சகஜம், லேசாக ஓடவிட்டதும் பெரும்பாலும் மறைந்துவிடும். எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாகத் துடித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ (இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது) என்று காது சந்தேகப்படும், உறுதி செய்வது ஈசிஜி. ஓடும்போது மட்டும் வரும் கோளாறு இன்னும் கவலையானது, நடுவழியில் குதிரை சரிந்தால் மேலே இருப்பவருக்கும் ஆபத்து. உடம்போடு கட்டி ஓடவிட்டுப் பதிவு செய்யும் ஈசிஜிதான் அதைக் காட்டும்.