‘மெயின் வீதி வேலையில் மிஞ்சிய காபட்’ என்று வருபவர்களை நம்பி ஒழுங்கையைக் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் தனியார் ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளிலும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ‘பக்கத்து மெயின் வீதியில் காபட் (தார்க்கலவை) போடுகிறோம், கலவை மிஞ்சிவிட்டது, அரை விலைக்குப் போட்டுத் தருகிறோம்’ என்று யாராவது கேற்றடிக்கு வந்தால் காசு கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லோரும் சேர்த்துக் கொடுத்த காசு அப்படித்தான் போனது.

எங்களுடையது மாநகர சபைக்குக் கையளிக்கப்படாத ஒழுங்கை. குழி விழுந்தால் நாங்களேதான் பார்க்க வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு பங்கு பிரித்து, வேறு ஓர் ஒப்பந்தக்காரரிடம் விலையும் கேட்டு வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து இந்த ‘மிஞ்சிய காபட்’ ஆள் வந்தார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. தொலைபேசியில் பெரிய வீதியொன்றில் ரோலர் ஓடும் படங்களைக் காட்டினார். “அண்ணா, சூடு ஆறினால் இந்தக் கலவை குப்பைதான். இண்டைக்கே முடிவெடுத்தால் உங்களுக்கும் லாபம், எங்களுக்கும் நட்டமில்லை” என்றார். அன்று மாலையே முக்கால்வாசிப் பணத்தை முற்பணமாக வாங்கிக்கொண்டார். ஓய்வூதியத்தில் வாழும் கடைசி வீட்டு அன்ரி தன் பங்கை அவர் கையிலேயே எண்ணிக் கொடுத்தார். எனக்கு இன்றுவரை ஆறாதது அந்தக் காசுதான்.

கலவை வந்ததோ சில நாள் கழித்து! இந்த இடத்தைக் கவனியுங்கள். சூடாகப் போடும் தார்க்கலவை ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் வெளியே வருகிறது. சூடு இறங்காமல் இருக்கப் படங்கு போட்டு மூடித்தான் லொறியில் கொண்டுவருவார்கள். 80, 85 பாகைக்குக் கீழே போய்விட்டால் எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் கல்லும் தாரும் இறுகாது. அப்படியான கலவையை ‘மிஞ்சியது’ என்று நாள் கணக்கில் வைத்திருந்து விற்கவே முடியாது. எங்களுக்கு வந்த டிப்பரில் படங்கும் இல்லை, ஆவியும் இல்லை. கட்டியாகக் கிடந்ததை மண்வெட்டியால் உடைத்து, டீசல் தெளித்து இளக்கினார்கள். டீசலும் மண்ணெண்ணெயும் தாரைக் கரைப்பவை. போட்ட அன்று தரை கன்னங்கரேலென்று பளபளக்கும், பிறகு கல் தனியாகக் கழன்று வரும்.

அடித்தளத்தைத் தொடவே இல்லை. பழைய குழிகளில் கிடந்த மணலைக்கூடக் கூட்டவில்லை. பழைய பரப்பும் புதுக் கலவையும் ஒட்டிப் பிடிப்பதற்காக முதலில் தெளிக்க வேண்டிய மெல்லிய தார்ப்பூச்சும் கிடையாது. அதை டாக் கோட் என்பார்கள். ரோலர் வரும் என்று சொன்னவர்கள் கையால் தள்ளும் சின்ன அதிர்வு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் கேட்டதற்கு, “ஒழுங்கை சின்னன்தானே, இது போதும்” என்ற பதில்.

அடுத்தது தடிப்பு. பேசியது 2 அங்குலம். எங்கள் ஒழுங்கை சுமார் 2,000 சதுர அடி. இறுகிய காபட் ஒரு கன மீற்றர் கிட்டத்தட்ட 2.3, 2.4 தொன் நிறை இருக்கும். அந்தக் கணக்கில் எங்களுக்கு 21, 22 தொன் கலவை தேவை. வந்தது ஒன்றரைக் கியூப் (150 கன அடி) டிப்பர் ஒன்றே ஒன்று, நிறையக் குவித்தாலும் அதில் 8 தொன் அளவுதான் இருக்கும். பரவினால் முக்கால் அங்குலம்கூட ஒழுங்காக வராது. பிறகு ஓரத்தில் தோண்டி அளந்தபோது அப்படியேதான் இருந்தது. கலவையிலுள்ள பெரிய கல்லைப் போல் குறைந்தது இரண்டரை, மூன்று மடங்கு தடிப்பு இருந்தால்தான் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து இறுகும். முக்கால் அங்குலக் கல்லை முக்கால் அங்குலத்துக்குப் பரப்பினால் என்ன பிடிக்கும்?

இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் யாரும் உங்களை நிறத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. 2 அங்குலத்துக்கு 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 11 தொன். ஒவ்வொரு லொறிக்கும் ஆலையில் நிறுத்துக் கொடுக்கும் எடைச் சீட்டைக் கேளுங்கள். உண்மையான ஆட்கள் மறுப்பதில்லை, அது அவர்களிடம் எப்படியும் இருக்கும். சீட்டு இல்லை என்றால் லொறியை இறக்க விடாதீர்கள். பணத்தில் பெரும்பகுதியைத் தடிப்பை அளந்த பிறகு கொடுப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தென்மேல் பருவமழை தொடங்கியதும் மிச்சமும் தெரிந்தது. வடிகால் மூடியின் மேலேயே கலவையைப் பரப்பியிருந்தார்கள். தண்ணீர் போக வழியின்றி நடு ஒழுங்கையில் தேங்கி, அன்ரி வீட்டு முற்றத்துக்குள் ஏறியது. தேங்கிய நீர் கல்லையும் தாரையும் பிரித்துவிடும். ஓட்டோ திரும்பும் இடத்தில் காபட் பாளம் பாளமாகக் கழன்று, இப்போது சறுக்கும் கல்தான் மிச்சம். பாடசாலைப் பிள்ளையொன்று சைக்கிளோடு விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டது. பிறகு வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், இதன் மேல் புதிதாகப் போட முடியாது, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாக வேண்டும் என்கிறார். அதாவது ஒன்றுமே போடாமல் விட்டதைவிடக் கூடுதல் செலவு.

காசு வாங்கிய அந்த மனிதரின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. அவர் தந்த துண்டில் நிறுவனப் பெயர், முகவரி எதுவுமில்லை. ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்து தரப்படுத்துவது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தது. பதிவு இலக்கத்தைக் கேட்டு, அங்கே சரிபார்த்த பிறகே முற்பணம் பற்றிப் பேசுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வேலை நடந்து மூன்று மாதத்துக்குள். நாங்கள் படங்கள், அளவுகள், கைத்துண்டு எல்லாம் இணைத்து அனுப்பிவிட்டோம். பொலிஸிலும் பதிந்திருக்கிறோம்.

டிப்பரின் இலக்கத் தகடு எங்கள் கேற் கமராவில் தெளிவாக விழுந்திருக்கிறது. இதே மாதிரி அரை விலைக் காபட் போட்டுக் கெட்ட ஒழுங்கை வேறு எங்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். முறைப்பாடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.