ஏடிஆரா, ஏர்பஸ்ஸா? பைலட் லைசென்ஸ் வாங்கிய மதுரைப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போகலாம்?

மதுரையிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்தால், ஆறு இதழ் புரொப்பல்லர் சுழலும் ஏடிஆர் 72 விமானமும் வரலாம், ஏர்பஸ் ஏ320 வகை ஜெட்டும் வரலாம். பயணிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் மணி நேரம், கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது சம்பளம், தூக்கம், கேப்டன் ஆகும் வயது, வெளிநாட்டு வாய்ப்பு என்று பல வருடங்களைத் தீர்மானிக்கும் விஷயம்.

எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் இந்த இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். மேலூர்ப் பெண் ஒருத்தி ஏடிஆரில் கோ-பைலட். திருமங்கலத்துப் பையன் ஒருவன் ஏ320-ல் கோ-பைலட். அவர்களிடம் கேட்டதையும் துறையைக் கவனித்து வந்ததில் தெரிந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். இப்போது லைசென்ஸ் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இது பயன்பட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அமெரிக்காவில் சின்ன விமானம் ஓட்டுவது பெரிய கம்பெனிக்குப் போகும் படிக்கட்டு. அங்கே 2009-ல் பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, பிராந்திய விமானக் கம்பெனிகளின் குறைந்த சம்பளமும் பைலட்களின் களைப்பும் நாடு முழுக்கப் பேசப்பட்டன. 2013 முதல் கோ-பைலட் இருக்கைக்கே பொதுவாக 1500 மணி நேர அனுபவம் கட்டாயம் என்று ஆனது. இங்கே நிலைமை வேறு. 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கியவர், தேர்வில் தேறினால், நேராக 180 பேர் உட்காரும் ஏ320-ன் வலது இருக்கைக்கு, அதாவது கோ-பைலட் இடத்துக்குப் போய்விடலாம். ஆகவே ஏடிஆர் இங்கே கட்டாயப் படிக்கட்டு கிடையாது. ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு வழிகள். அமெரிக்க பைலட்களின் யூடியூப் பேச்சைக் கேட்டு இங்கே முடிவெடுப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

சரி, வேலையைப் பார்ப்போம்.

ஏடிஆர் பைலட்டின் நாள் பெரும்பாலும் பகலில் ஓடும். சின்ன ஊர் விமான நிலையங்கள் பலவும் இரவு முழுக்கத் திறந்திருப்பதில்லை என்பது ஒரு காரணம். விடியற்காலையில் கிளம்பி நான்கு செக்டார் (ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறப்பது ஒரு செக்டார்) போய்வந்து, பல நாள்களில் இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பலாம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நான்கு செக்டார் என்றால் நான்கு முறை எழும்பி, நான்கு முறை இறங்க வேண்டும். களைப்பு பறக்கும் மணிக்கணக்கில் மட்டும் இல்லை, இந்த ஏற்ற இறக்கத்திலும் இருக்கிறது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதியே இதை ஒப்புக்கொள்கிறது: ஒரு பணியில் தரையிறங்கும் எண்ணிக்கை கூடக்கூட, அனுமதிக்கும் பணி நேரம் குறையும்.

மதுரையில் சித்திரை வெயிலில் ஒரு ஏடிஆர் வந்து நின்றதும் நடப்பதைப் பாருங்கள். பயணிகள் இறங்குவது வால் பக்கத்துக் கதவு வழியாக. பெட்டிகள் ஏறி இறங்குவது முன்பக்கம், காக்பிட்டுக்குப் பின்னால். அரை மணி நேரத்துக்குள் திரும்பக் கிளம்ப வேண்டும். பைலட்களில் ஒருவர் பளிச்சென்ற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, டயர், பிரேக், புரொப்பல்லர் இதழ் ஒவ்வொன்றையும் பார்த்தபடி விமானத்தைச் சுற்றி வருகிறார். தார்த்தளத்தின் சூடு ஷூவுக்குள் ஏறும். திரும்பி வந்து உட்கார்ந்தால் காக்பிட்டும் கொதிக்கும். ஜெட்டில் தரையில் ஏசியும் மின்சாரமும் தருவதற்கென்றே வாலில் ஒரு சிறு எஞ்சின் உண்டு. ஏடிஆரில் அது கிடையாது. வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. இல்லையென்றால் வெளியிலிருந்து மின்சாரம் இழுக்க வேண்டும். "மாமா, நாலாவது செக்டார்ல சட்டையப் பிழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும்" என்றாள் மேலூர்ப் பெண். ஆனாலும் வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னால் யோசிப்பாள். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஜெட்டில் கஷ்டத்தின் நிறம் வேறு. அங்கே எதிரி ராத்திரி. துபாய், தோஹா போன்ற வளைகுடா ஓட்டங்களும், உள்நாட்டிலேயே நள்ளிரவுக்குப் பின் போகும் ஓட்டங்களும் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில் வந்து உட்காரும். ஒரு வாரம் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்பி, அடுத்த வாரம் அதே மூன்று மணிக்கு ஆகாயத்தில் கண் விழித்திருக்க வேண்டும். திருமங்கலத்துப் பையனுக்குச் சம்பளம் கை நிறைய வருகிறது, தூக்கம் மட்டும் பிடிபடவில்லை. டிஜிசிஏ-வின் புதிய விதிகள் 2025-ல் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் தரையிறங்கும் எண்ணிக்கை 6-லிருந்து 2 ஆனது. அதற்கேற்ற ஆள்பலத்தோடு தயாராக இல்லாததால் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும், அந்தக் கம்பெனிக்கு இரவு விதியில் தற்காலிக விலக்கு கொடுக்கப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பயணிகளின் அவதி பெரியதுதான். ஆனால் பைலட்டின் தூக்கம் சலுகை அல்ல, விமானத்தின் பாதுகாப்பில் அதுவும் ஒரு பாகம். அந்த விதிகள் முழுதாக நிலைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பறக்கும் கலை என்று பார்த்தால் ஏடிஆர் ஒரு படி மேல் என்பேன். ஏ320-ல் எஞ்சின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஏடிஆரில் அது கையால் செய்யும் வேலை. 25,000 அடிக்கு மேல் அது போகாது, ஜெட் 39,000 அடி வரை ஏறும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜெட் பல மேகங்களுக்கு மேலே ஏறிவிடும், ஏடிஆர் ரேடாரைப் பார்த்துப் பார்த்து வளைந்து போக வேண்டும். நம் பக்கத்தில் நீர் உறையும் உயரம் ஏறக்குறைய 16,000 அடியில் இருக்கிறது. ஏடிஆர் பறப்பதும் அதையொட்டிய உயரத்தில்தான். ஆகவே இறக்கையில் பனி படிகிறதா என்று கவனிப்பது, வெயிலுக்குப் பேர்போன மதுரை வழித்தடத்திலும் அன்றாட வேலை. இந்தப் பழக்கத்தில் இரண்டு மூன்று வருடம் ஊறியவருக்கு வானிலை பற்றிய புரிதல் ஆழமாக இருக்கும். மேலூர்ப் பெண் ஏடிஆரை விடத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கேப்டன் வரிசை.

கேப்டன் ஆக ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு மொத்தம் 1500 மணி நேரம். மணி நேரம் சேர்ந்தால் மட்டும் போதாது, இடமும் காலியாக வேண்டும். ஏடிஆரில் பலர் ஜெட்டுக்கு மாறிப் போய்க்கொண்டே இருப்பார்கள் என்பதால் கேப்டனின் இடது இருக்கை அடிக்கடி காலியாகும். ஏடிஆரில் சேர்ந்தவர்கள், அதே சமயத்தில் ஜெட்டில் சேர்ந்தவர்களுக்கு முன்பே கேப்டன் ஆனது உண்டு. ஏடிஆர் கோ-பைலட்டின் சம்பளம் ஜெட் கோ-பைலட்டைவிடக் குறைவு. ஆனால் ஏடிஆர் கேப்டனின் சம்பளம் ஜெட் கோ-பைலட்டைவிட அதிகம். இரண்டாவது வரியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் மாதச் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து ஏடிஆரை ஒதுக்குவது சரியான கணக்கல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இண்டிகோ 2023 ஜூனில் ஒரே தடவையில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் கேட்டது. இவை வந்து சேரச்சேர ஜெட்டிலும் கேப்டன் இடங்கள் திறக்கும். ஏடிஆர் பக்கம் இந்த அளவு வளர்ச்சி கிடையாது, எண்ணிக்கை பத்துகளில் நகர்கிறது. இன்று குட்டையாக இருக்கும் வரிசை ஐந்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

அப்புறம், கம்பெனி நிலைக்குமா என்ற கேள்வி. மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் ஊர் நூற்பாலைக் குடும்பத்திலிருந்து வந்த பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-ல் எம்ப்ரேயர் ஜெட்களோடு பெருமையாகப் பறக்கத் தொடங்கி, 2010-ல் நின்றது. சேலத்துக்கு ஏடிஆர் ஓட்டிய ட்ரூஜெட் 2022-ல் நின்றது. பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஆனால் வித்தியாசம் அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. கோ ஃபர்ஸ்ட்டில் ஏ320 ஓட்டியவர்களுக்கு அதே விமானத்தை ஓட்டும் வேறு பெரிய கம்பெனிகள் இருந்தன, பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஏடிஆருக்கு இந்தியாவில் சொல்லும்படியான கதவுகள் மூன்றுதான்: இண்டிகோ, அரசின் அலையன்ஸ் ஏர், 2024-ல் கோவாவிலிருந்து தொடங்கிய ஃப்ளை91. ஒன்று மூடினால் மீதி இரண்டில் கூட்டம் அலைமோதும். வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கும் இதே கதைதான், பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் ஜெட் அனுபவத்தைத்தான் முதலில் பார்க்கும்.

நம் தென்மாவட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயம், ஓடுபாதையின் நீளம். தூத்துக்குடி வாகைக்குளத்தில் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை ஏடிஆர் மாதிரி விமானங்களைத் தவிர வேறு எதுவும் அங்கே வர வழியில்லை. இப்போது அது 3,115 மீட்டர். புது முனையமும் 2025 ஜூலையில் திறந்தாகிவிட்டது. இனி அங்கே ஜெட் இறங்குவதற்கு ஓடுபாதை தடையில்லை. மதுரையிலும் ஓடுபாதையை நீட்டும் திட்டம் பல வருடமாகப் பேசப்படுகிறது. ஊர் வளர வளர ஏடிஆர் தன் பழைய தடத்தை ஜெட்டுக்கு விட்டுக்கொடுத்து, இன்னும் சின்ன ஊரைத் தேடிப் போகும். யாழ்ப்பாணம் பலாலிக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏடிஆர் போவது அப்படிக் கிடைத்த புதுத் தடம். சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பேசப்படும் வேலூர், நெய்வேலி, ராமநாதபுரம் எல்லாம் திறந்தால் நல்லது. ஆனால் திறக்கும் தேதியை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது.

சொந்த ஊரில் இருக்கலாம் என்ற ஆசை இரண்டு பக்கமும் நிறைவேறாது. மதுரைக்கு வந்து போகும் விமானங்களின் பைலட்கள் பெரும்பாலும் சென்னை, ஹைதராபாத், பெங்களூரை பேஸாக, அதாவது பணி தொடங்கி முடியும் ஊராகக் கொண்டவர்கள். மதுரையில் இறங்கினாலும், அரை மணி நேரத்தில் வீட்டைப் பார்க்காமல் திரும்ப வேண்டும்.

என் முடிவு இது. வீட்டையோ வயலையோ அடமானம் வைத்து, படிப்புக் கடன் மாதத் தவணை கழுத்தை நெரிக்கும் குடும்பம் என்றால், இரண்டு பக்கத்து வேலைக் கடிதமும் கையில் இருக்கும்போது ஜெட்டை எடுங்கள். முதல் மூன்று நான்கு வருடத் தவணையைக் கட்டுவதுதான் அங்கே பெரிய சவால், கூடுதல் சம்பளம் அதற்கு உதவும். கடன் சுமை குறைவு, வயதும் இருபத்திரண்டு இருபத்துமூன்று என்றால் ஏடிஆரை எடுக்கத் தயங்க வேண்டாம். கை பழகும், இரவுத் தூக்கம் ஓரளவு மிஞ்சும், கேப்டன் பட்டம் சீக்கிரம் வரலாம். மேலூர்ப் பெண்ணின் வீட்டில் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதே கருத்துத்தான். ஒரே ஒரு கடிதம்தான் வந்திருக்கிறது என்றால் பேச்சே இல்லை, அதை எடுங்கள். லைசென்ஸ் வாங்கிச் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் பறக்கும் பழக்கத்தைக் குறைக்கும்.

இதைவிடவும் நான் கவலைப்படுவது ஒன்று உண்டு. வேலைக் கடிதம் கையில் இல்லாமலே, சொந்தப் பணத்தில் ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். லைசென்ஸுக்கு ஏற்கனவே அரைக் கோடி வரை போயிருக்கும், இதற்கு மேலும் பல லட்சம். "ரேட்டிங் இருந்தால் வேலை நிச்சயம்" என்று ஏஜெண்ட் சொல்வார். ரேட்டிங் இருந்தும் பறக்காமல் இருந்தால் சிமுலேட்டரில் மறுபடி காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார். கம்பெனியே தேர்ந்தெடுத்து, எந்த விமானம் என்று எழுத்தில் கொடுத்த பிறகு ரேட்டிங்குக்குப் பணம் கட்டினால் போதும்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, பயிற்சி பாண்டு, அதாவது இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம், எத்தனை வருடம், இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், ஏடிஆரிலிருந்து ஜெட்டுக்கு அதே கம்பெனிக்குள் மாறினால் பாண்டு புதிதாகத் தொடங்குமா என்பது. இன்னொன்று, நோட்டீஸ் காலம். டிஜிசிஏ 2017-ல் வகுத்த விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். கேப்டன் ஆன பிறகு வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால் அந்த ஒரு வருடத்தையும் கணக்கில் வைத்துத்தான் திட்டமிட முடியும். புரியாத வரி இருந்தால், மதுரையில் தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.